இரவல் வகுப்புக்குப் போகும் முன்

கேள்வி:

நான் மதுரையைச் சேர்ந்தவள். கணவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததால் எட்டு மாதங்களுக்கு முன்பு இங்கே வந்து வெள்ளவத்தையில் குடியிருக்கிறோம். அவருடைய விசாவைச் சார்ந்து எனக்கும் மகளுக்கும் விசா கொடுத்திருக்கிறார்கள். கணிதப் பட்டமும் பி.எட்.டும் முடித்து, ஊரில் ஆறு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியை ஒருவர் மகப்பேற்று விடுமுறையில் போகிறார். தமிழ் வழியில் 6 முதல் 8 வரை அவருடைய வகுப்புகளை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நாள் கணக்கில் சம்பளம், கையில் தருவார்கள். "விசா எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். சம்பளமில்லாமல் மூன்று நாள் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நாள் பலகையில் 'மீ.சி.ம.' (மீச்சிறு பொது மடங்கு) என்று எழுதினேன். வகுப்பே விழித்தது. ஒரு பையன், "இது இந்தியா மிஸ்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். நான் போகலாமா? பிள்ளைகள் என்னை ஏற்பார்களா? நாலு மாதம் இன்னொருவர் இடத்தில் நிற்பது ஆசிரியர் வேலை என்று கணக்கில் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

1985இல் சென்னையில் ஒரு பள்ளியில் நான் 'ஸ்ரீலங்கா மிஸ்' ஆக இருந்தேன். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். ஓர் ஆசிரியை பிள்ளைப்பேற்றுக்காக விடுப்பில் போக, அவருடைய இடத்துக்கு என்னை எடுத்தார்கள். முதல் நாள் கரும்பலகையில் 'அட்சரகணிதம்' என்று தலைப்பு எழுதினேன். பின்வாங்கில் (கடைசி பெஞ்சில்) தொடங்கிய சிரிப்பு முன்வாங்கு வரை வந்தது. அந்தப் பிள்ளைகள் அதை 'இயற்கணிதம்' என்று படித்தவர்கள். அன்று மாலை நானும் அழுதேன். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த வகுப்பறையின் சன்னல்கூட நினைவுக்கு வந்தது.

வகுப்பைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன் விசா. நான்காம் நாள் அந்தப் பாடசாலைக்குப் போகாதீர்கள்.

கணவரின் வேலையைச் சார்ந்து கொடுக்கப்படும் வதிவிட விசா, இந்த நாட்டில் உங்களுக்கு வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. வேலைக்கு வேறு அனுமதி வேண்டும். அதற்குப் பாடசாலைதான் வேலை கொடுப்பவர் என்ற முறையில் கடிதம் கொடுத்து முன்னிற்க வேண்டும். உரிய அமைச்சின் சிபாரிசும் வேண்டும். "சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊதியமில்லாமல் செய்வதும் வேலைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுங்கள் என்றும் வெள்ளவத்தையில் நிச்சயம் கேட்பார்கள். பணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் அதுவும் அப்படியே.

போய்வந்த மூன்று நாளை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஆனால் குடிவரவு விடயங்கள் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் ஒரு தடவை பேசி, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கணவரிடமும் அவருடைய நிறுவனத்தின் ஆளணிப் பிரிவிலும் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் விசா அவருடைய விசாவில் தொங்குகிறது. இங்கே பிசகு வந்தால் அது பாடசாலையோடு நிற்காது. உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். நாலு மாத வேலைக்காக மூன்று பேருடைய வதிவிடத்தைப் பணயம் வைப்பது அந்தக் கதைதான். "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னவர், பிரச்சினை வரும் நாளில் உங்களோடு பத்தரமுல்லைக்கு வந்து வரிசையில் நிற்கமாட்டார்.

பத்தரமுல்லை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கும் கட்டடம் சுஹுருபாய. கல்வி அமைச்சு இருப்பது இசுருபாய. இரண்டும் பத்தரமுல்லையிலேயே இருக்கின்றன; பெயரும் ஒன்றுபோல ஒலிக்கும். முச்சக்கரவண்டிக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இடம் மாறிப் போய் அரை நாளை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். வார விடுமுறையும் போயா (பூரணை) நாட்களும் அதில் சேர்க்கப்படாவிட்டால் நாட்காட்டியில் அது நாலு மாதத்தைத் தொட்டுவிடும். அனுமதிக்கான கடிதங்கள் நகர்ந்து முடிவதற்குள் அந்த ஆசிரியை குழந்தையோடு திரும்பி வந்துவிடலாம். ஆகவே பாடசாலையிடம் நேராகக் கேளுங்கள்: "என் தகுதி உங்களுக்குத் தேவையென்றால் ஒரு வருட ஒப்பந்தம் தந்து, என் பெயரில் வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பீர்களா?" ஆம் என்றால் அது மதிக்கத்தக்க இடம். நழுவினால், உங்களை வைத்து ஒரு ஓட்டையை அடைக்க மட்டும் நினைக்கிறார்கள். அப்போது நன்றி சொல்லி விலகிவிடுங்கள். கணிதம் படிப்பிக்கத் தெரிந்தவருக்குக் கொழும்பில் இன்னொரு கதவு திறக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது நியமனக் கடிதம். சென்னையில் நான் இதைக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. வேலை கொடுத்ததே பெரிய உதவி என்று நினைத்தேன். மூன்றாம் மாதச் சம்பளத்துக்காக அலுவலகத்தில் போய் நின்றபோது, "உங்கள் பெயர் பதிவேட்டில் இல்லையே" என்றார்கள். அந்த மாதம் நான் திருத்திய விடைத்தாள்கள் தலைமையாசிரியரின் மேசையில் அடுக்கியிருந்தன. பணம் வரவேயில்லை. நாற்பது வருடம் ஆகிவிட்டது, சகோதரி. இன்றும் யாராவது "கையில் தருகிறோம்" என்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடிதத்தில் தொடங்கும் நாளும் முடியும் நாளும், எந்தத் தரங்களுக்கு (வகுப்புகளுக்கு) எத்தனை பாடவேளை என்பதும், சம்பளம் எந்தத் திகதியில் வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நாள் கணக்குச் சம்பளம் என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் போயா விடுமுறை; பாடசாலை இல்லை. ஏப்ரலில் புத்தாண்டு, மே மாதத்தில் வெசாக், தவணை விடுமுறை என்று நாட்கள் கழிந்துகொண்டே போகும். தமிழ்நாட்டு நாட்காட்டியை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் மாத முடிவில் ஏமாற்றமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து விடைத்தாள் திருத்தும் நேரத்துக்கு என்ன ஏற்பாடு? பரீட்சை மேற்பார்வை நாட்களுக்குச் சம்பளம் உண்டா? ஊழியர் சேமலாப நிதி (உங்கள் ஊரில் பி.எஃப்.) தற்காலிக ஊழியர்களுக்கும் உரியது. ஊழியர் பங்கு 8 சதவீதம், வேலை கொடுப்பவர் பங்கு 12 சதவீதம். "நீங்கள் தற்காலிகம்தானே" என்பது அதற்குப் பதில் ஆகாது. உங்கள் விடயத்தில் அதை எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இனி வகுப்பு.

31 வருடங்கள் பாடசாலைகளில் இருந்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் உப அதிபராக (துணைத் தலைமையாசிரியராக), காலை ஏழேகாலுக்கு ரிலீவ் பட்டியல் போடுவது என் வேலை. யார் வரவில்லை, யாருக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கிறது, யாரை எங்கே அனுப்புவது என்று பார்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் கண்டது ஒன்று. இன்னொருவரின் வகுப்புக்குப் போனவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் தோற்றார்கள்; அமைதியானவர்கள் பலர் வென்றார்கள். தோற்றவர்கள் அந்த வகுப்பைத் தங்களுடையதாக ஆக்க முயன்றார்கள். வென்றவர்களுக்கு அது இரவல் என்று தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் அண்டா இரவல் வாங்கினால் என்ன செய்வோம்? நம் அடுப்பில் வைத்து நன்றாகப் பயன்படுத்துவோம், நெளியாமல் பார்ப்போம், கழுவித் திருப்பிக் கொடுப்போம். அந்த ஆசிரியை திரும்பி வரும் காலையில் தன் வகுப்பை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். உங்கள் வேலை அதுதான்.

உங்கள் மீ.சி.ம. சம்பவத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தாங்கள் அறியாத ஒரு சொல்லைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே அது பொ.ம.சி., பொது மடங்குகளுட் சிறியது. நீங்கள் மீப்பெரு பொதுக் காரணி என்பதை நாங்கள் பொ.கா.பெ., பொதுக் காரணிகளுட் பெரியது என்போம். உங்கள் வடிவியல் எங்களுக்குக் கேத்திரகணிதம். உங்கள் கணம் இங்கே தொடை. உங்கள் முக்கோணவியல் திரிகோண கணிதம். விஞ்ஞானப் பாடத்துக்கு ரிலீவ் போட்டுவிட்டால் இன்னும் திகைப்பீர்கள்: வேதியியல் இங்கே இரசாயனவியல், ஆக்சிஜன் ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு. இதில் எது நல்ல தமிழ் என்ற வழக்குக்கு வகுப்பறையில் இடம் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதப்போவது இங்கே. வினாத்தாளில் வரப்போகும் சொல்தான் அவர்களுக்குரிய சொல்.

ஆனால் உங்கள் சொல்லை ஒளிக்கவும் வேண்டாம். ஒருநாள் இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'பொது மடங்குகளுட் சிறியது' என்ற பெயரைப் பாருங்கள். செய்முறையே அதற்குள் இருக்கிறது: பொது மடங்குகளை எழுது, அவற்றுள் சிறியதை எடு. 4இன் மடங்குகள், 6இன் மடங்குகள், இரண்டிலும் வருபவை 12, 24, 36. அவற்றுள் சிறியது 12. பெயரை விளங்கிக்கொண்ட பிள்ளை கணக்கையும் விளங்கிக்கொள்ளும். 'மீச்சிறு' என்றால் மிகச் சிறிய என்று நீங்கள் சொன்னதும், ஒரே பொருளை இரண்டு ஊர்த் தமிழ் இரண்டு விதமாகப் பார்த்திருப்பது அவர்களுக்குத் தெரியும். நான் சென்னையில் அட்சரகணிதத்தை அப்படித்தான் எழுதினேன். அட்சரம் என்றால் எழுத்து. எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துச் செய்யும் கணக்கு என்றேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை தன் கொப்பியின் அட்டையில் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருந்தாள்.

சொற்களைப் பழகுவதற்கு அனுமதி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடும் அரச பாடநூல்கள் தரம் 11 வரை தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகரகமையில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் அவ்வாறே இறக்கிக்கொள்ளலாம். தரம் 6, 7, 8 கணித நூல்களை மகளோடு உட்கார்ந்து ஒரு மாதம் வாசியுங்கள். வாசிக்கும்போது இடப்பக்கம் உங்கள் சொல், வலப்பக்கம் எங்கள் சொல் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அந்தக் கொப்பி உங்களுக்கு உதவும்.

சொல்லைவிட ஆபத்தானது செய்முறை. நீங்கள் ஊரில் சமன்பாடுகளைத் தீர்க்க 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று படிப்பித்திருக்கலாம். விடுமுறையில் போகும் ஆசிரியை 'இரு பக்கமும் ஒரே எண்ணைக் கழி' என்று படிப்பித்திருக்கலாம். இரண்டிலும் ஒரே விடைதான் வரும். ஆனால் தரம் 7 பிள்ளைக்கு நடுவழியில் பாதை மாறினால் இரண்டு பாதையும் தொலையும். முதல் நாளே மூன்று பிள்ளைகளின் கொப்பியை வாங்கிப் பாருங்கள்: ஒருவர் நன்றாகச் செய்பவர், ஒருவர் நடுத்தரம், ஒருவர் தடுமாறுபவர். ஆசிரியை எந்த ஒழுங்கில் எழுதவைக்கிறார், எங்கே கோடு போடவைக்கிறார், பிழையை எப்படிக் குறிக்கிறார் என்பது தெரிந்துவிடும். அதன்படியே செய்யுங்கள். உங்கள் முறை சிறந்ததாகவே இருக்கலாம். அது உங்கள் சொந்த வகுப்பு வரும் வரை காத்திருக்கட்டும். முடிந்தால் அவர் விடுமுறையில் போவதற்கு முன் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். குழந்தை பிறந்த பிறகு தொலைபேசியில் கேட்டு அந்தத் தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பெயர்கள். கொழும்பில் தமிழ் வகுப்பு என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, கொழும்பிலேயே பிறந்த பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லோரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இடாப்பை (வருகைப் பதிவேட்டை) முதல் நாளே வாங்கி, பகுதித் தலைவரிடம் ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகிக்கொண்டு உள்ளே போங்கள். பதிலுக்கு வந்த ஆசிரியர் தன் பெயரைப் பிழையில்லாமல் கூப்பிட்டால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். "நீ, அந்த மூலையில் இருப்பவன்" என்றால் அந்த மூலை அன்று முழுவதும் உங்களோடு மல்லுக்கட்டும்.

குழப்படி செய்வார்கள்தான். புதியவரைச் சோதிப்பது பிள்ளைகளின் குணம். இடம் மாறி உட்காருவார்கள், "எங்கள் மிஸ் இப்படிச் செய்யமாட்டார்" என்பார்கள், இல்லாத வழக்கங்களை உண்டு என்பார்கள். வகுப்புத் தலைவரிடம் ஆசிரியையின் வழக்கங்களை எழுதி வாங்கி மேசையில் வையுங்கள். அடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். உடல்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியில் எப்படி இருந்திருந்தாலும் இங்கே ஒரு பிள்ளையின் காதைக்கூடத் தொடாதீர்கள்.

இன்னொன்று, நான் மிகவும் கவலையோடு சொல்வது. வழக்கமான ஆசிரியரிடம் சொல்லாததைச் சில பிள்ளைகள் பதிலுக்கு வந்தவரிடம் சொல்லிவிடும். நீங்கள் சில நாளில் போய்விடுவீர்கள் என்பதே அதற்குத் துணிவு. என்னிடம் ஒரு சிறுமி, கணக்குக் கொப்பியை நீட்டும் சாக்கில் வந்து நின்று, வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். அப்படி ஒன்று காதில் விழுந்தால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே அதிபரிடம் கொடுங்கள். அங்கே அசைவு இல்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம். தற்காலிக ஆசிரியை என்பதால் அந்தக் கடமை குறைவதில்லை.

ஒவ்வொரு நாளும் கடைசி மணி அடித்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, ஆசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். பெரிய அறிக்கை வேண்டாம். "தரம் 8, மூன்றாம் பாடவேளை. பின்னங்கள் வரும் சமன்பாடுகள். பயிற்சியில் ஏழாம் கணக்கு வரை முடிந்தது. நால்வருக்குப் பகுதி எண்ணை நீக்குவது பிடிபடவில்லை. அவர்கள் கொப்பியில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். வீட்டுவேலை கொடுக்கவில்லை, நாளை போயா." இவ்வளவு போதும். நான் ரிலீவ் பட்டியல் போட்ட காலத்தில் இப்படிக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அடுத்த வெற்றிடம் வந்தபோது அவர்களைத்தான் முதலில் அழைத்தேன்.

கணக்கில் வருமா என்று கேட்டீர்கள். நியமனக் கடிதமும் கடைசி நாளில் அதிபர் தரும் அனுபவச் சான்றிதழும் இருந்தால் வரும். சான்றிதழில் பாடம், தரங்கள், தொடக்க, முடிவுத் திகதிகள் எல்லாம் இருக்கட்டும். "எங்களிடம் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். கடிதமில்லாமல் கையில் காசு வாங்கிச் செய்தால் நாலு வருடம் செய்தாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. சென்னையில் நான் படிப்பித்த மாதங்கள் என் சேவைக் காலத்தில் எங்கேயும் இல்லை.

மனதளவில் கேட்டிருந்தால், அதற்கும் பதில் சொல்கிறேன். தரம் 7 பிள்ளைக்குத் தரம் 7 ஒரு தடவைதான் வரும். அந்த நாலு மாதமும் யாரோ வெறுமனே வகுப்பைக் காவல் காத்தால், அடுத்த வருடம் அந்தப் பிள்ளை பின்னத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கும். ஒரு நல்ல ஆசிரியை அங்கே நின்றால் அந்தப் பிள்ளைக்கு அவர் பதில் ஆள் இல்லை, கணக்குப் படிப்பித்த மிஸ். சென்னையிலிருந்து நான் புறப்பட்ட நாளில் பின்வாங்குப் பையன்கள்தான் பஸ் நிறுத்தம் வரை வந்தார்கள்.

இந்த வாரம் பாடசாலைக்கு அந்த ஒரு வருட ஒப்பந்தக் கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். பதில் எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். தரம் 7 காரணிகள், மடங்குகள் பாடத்துக்கு நான் வைத்திருந்த பழைய குறிப்புகள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. பிரதி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உப அதிபர், கொழும்பு